முசேவின் பர்தோன்

வெறுமனே படிப்பதுகூட அழிக்கும் என்று எனக்கு உறைத்தது முசேவின் முகத்தைப் பார்த்தபோதுதான்.

நான் வேலை பார்க்கும் புதுச்சேரி நெல்லித்தோப்பு கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்த ஒல்லியான பெரியவரை நாங்கள் பிரெஞ்சில் 'ஐயா' என்கிற மாதிரி முசே என்போம். பொத்தானைத் தட்டுமுன் இயந்திரத்திடமே "பர்தோன்" என்று மன்னிப்புக் கேட்பார். செத்துப்போன மனைவியின் திட்டுகளை, "உங்களுக்கு உப்பும் ஒண்ணு, சக்கரையும் ஒண்ணு" என்பது முதலாக, ஒரே பிளாப்பி வட்டில் அடித்துச் சேர்த்திருந்தார்.

அன்று யாரோ அனுப்பிய புத்தாண்டு வாழ்த்தைத் திரையில் படித்தார். எழுத்தோடு ஒளிந்து வந்த கட்டளை, என்டர் பொத்தானையே பிளாப்பியை அழிக்கும் பொத்தானாக மாற்றிவிட்டது. "பர்தோன்" என்று சொல்லி என்டரைத் தட்டினார். பிளாப்பி காலி.

"படிக்கத்தானே செஞ்சேன் தம்பி?"

"ஆமா முசே."

"அவ இருந்தா இதுக்கும் திட்டியிருப்பா."

அப்புறம் அவர் வரவேயில்லை. எழுத்தைக் காட்டுவதோடு நின்று, அது சொல்வது எதையும் கேட்காத புரோகிராம் ஒன்றை நாளை எழுத உட்காருகிறேன்.