திருப்பக் கூடாத வண்டி

அன்னவாசலிலிருந்து புதுக்கோட்டைக்கு பைக்கில்தான் வேலைக்குப் போய்வந்தேன். ஒரு மாலை திரும்பும்போது சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறியது. யாரையோ இடித்துவிட்டேனோ? திரும்பிப் போய்ப் பார்த்தேன். சாலை வெறுமையாகக் கிடந்தது. கொஞ்ச தூரம் வருவதற்குள், ஆள் ஓரத்துப் புதரில் விழுந்திருந்தால் என்று தோன்றியது. மறுபடி திருப்பினேன்.

அதன்பின் எந்தப் பள்ளத்தையும் என்னால் சும்மா கடக்க முடியவில்லை. வேலைக்குப் போகத் தாமதமாகும்; வீடு திரும்ப இருட்டிவிடும். வந்ததும் செல்போன் வெளிச்சத்தில் டயரில் ரத்தம் தேடுவேன். மனைவியிடம் கேட்பேன். ஒன்றும் ஆகியிருக்காது என்பாள். சாப்பிட்டு முடிப்பதற்குள் மறுபடி கேட்பேன். சலித்துப்போய் அவள்தான் மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போனாள்.

இதற்குப் பெயர் ஓசிடி, ஒரே சந்தேகம் விடாமல் துரத்துகிற மனநோய், திரும்பிப் பார்க்கப் பார்க்கத்தான் பயம் வளர்கிறது என்றார் அந்த அம்மா. வண்டியைத் திருப்பக் கூடாது. வீட்டிலும் யாரும் சமாதானம் சொல்லக் கூடாது. எனக்குக் கோபம் வந்தது.

"நெசமாவே ஒருத்தர் அங்க கெடந்தா?"

"கெடக்கலைன்னு நானும் உறுதி சொல்ல மாட்டேங்க. அந்த உறுதி இல்லாம இருக்கத்தான் பழகணும்."

முதலில் எங்கள் தெருவுக்குள், பிறகு கடைவீதி வரை, திரும்பிப் போய்ப் பார்க்காமல் ஓட்டிப் பழகினேன். அப்புறம்தான் பெரிய சாலை. அன்று மனைவி பின்னால் உட்கார்ந்திருந்தாள். சித்தன்னவாசல் பிரிவு தாண்டியதும் வண்டி தூக்கிப் போட்டது. எனக்கு வேர்த்துவிட்டது.

"இடிச்ச மாதிரி இருந்துச்சே. நீ பாத்தியா?"

அவள் கை என் தோளை இறுக்கியது.

"தெரியலைங்க. போங்க."

இல்லை என்று சொல்லத் துடித்துக்கொண்டுதான் அவள் அப்படிச் சொன்னாள்.

வீட்டில் உட்கார முடியவில்லை. பெட்ரோல் போட்டு வருகிறேன் என்று பொய் சொல்லிக் கிளம்பப் பார்த்தேன். அவள் தடுக்கவில்லை, சாவியையும் ஒளித்து வைக்கவில்லை. வாசல் வரை போய், சாவியை மறுபடி ஆணியில் மாட்டிவிட்டு, கூடத்தில் இங்கிட்டும் அங்கிட்டும் நடந்தேன். டீ ஆறிப்போனது. பக்கத்து வீட்டில் சீரியல் முடிந்து அடுத்தது ஆரம்பித்தபோது, எனக்குப் பசிப்பது தெரிந்தது. பயம் போகவில்லை, ஆனால் தணிந்திருந்தது, யாரும் எதுவும் சொல்லாமலே.

எல்லா நாளும் அப்படி அமையவில்லை. ஒரு மழை நாளில் தோற்றுத் திருப்பிவிட்டேன். சொன்னதும், நாளைக்கு அதே வழியில் ஓட்டுங்க என்றார் ஆலோசகர்.

இந்த வாரம் மனைவி அரிமளத்தில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள். கேட்க ஆளில்லாத வீட்டுக்கு இன்று தனியாக ஓட்டிவந்தேன். வழியில் ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டும் திருப்பவில்லை. கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. அப்படியே அரிசியைக் களைந்து உலை வைத்தேன்.