கணக்கில் இருந்த எழுபது பேர்

தவிட்டுமலைக்குப் பஸ் கிடையாது. சத்தியமங்கலம் பக்கம் அடிவாரத்தில் இறங்கி எட்டு மைல் ஏற வேண்டும். மூச்சு முட்ட ஏறிப் போனால் இருபத்துமூன்று வீடுகள். அதில் ஒன்பது பூட்டிக் கிடக்கும். மிச்ச வீடுகளில் நாற்பத்தொரு பேர். அறுபதைத் தொடாதவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். எல்லோரிலும் இளையவர் குமாரசாமி, வயது நாற்பத்தெட்டு. ஊர் இன்னும் அவரைப் ‘பொடியா’ என்றுதான் கூப்பிடும். பிள்ளைகளெல்லாம் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் பெருந்துறைக்கும் மதுக்கரைக்கும் பிழைக்க இறங்கிப் போய்விட்டார்கள். மேலே இருப்பவர்கள் ஆடு மேய்த்து, சாமையும் ராகியும் விதைத்து, பொழுது சாய்ந்தால் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஒருத்தரோடு ஒருத்தர் சண்டை போடக்கூட அங்கே தெம்பில்லை.

எழுதப் படிக்கத் தெரிந்தவர் சென்னியப்பன் ஒருவர்தான். அதனால் எந்த அதிகாரி ஏறி வந்தாலும் ஊருக்காகப் பேசுவது அவர். தொண்ணூற்று மூன்றில் தலைக்கணக்கு எடுக்க வெங்கடபதி என்றொரு குமாஸ்தா வந்தார். அவருக்கு முன்னால் வதந்தி வந்துவிட்டது: நூறு தலைக்குக் குறைந்தால் ரேஷன் கடையை அடிவாரத்துக்கு இறக்கிவிடுவார்களாம். அரிசியைச் சுமந்துகொண்டு எட்டு மைல் ஏற அங்கே யாருக்கு முடியும்? சென்னியப்பன் துணிந்துவிட்டார். ஊரை விட்டுப் போன பிள்ளைகள் அத்தனை பேரும் ஊரிலேயே இருப்பதாகச் சொல்ல ஆரம்பித்தார்.

“ஊடெல்லாம் பூட்டிக் கெடக்குதே?” என்றார் வெங்கடபதி.

“காட்டு வேலைக்குப் போயிருக்கறாங்க. பொழுதோட வந்துருவாங்க.”

அரிசிக்காகத்தான் தொடங்கினார். ஆனால் பெயர் சொல்லச் சொல்ல, சுற்றி உட்கார்ந்திருந்த கிழங்களின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! “எங்க பையன் தம்பிதுரைய உட்டுப்போட்டீங்களே!” என்று காளிச்சாமி எழுந்தே நின்றுவிட்டார். தன் மகன் அன்புமணியின் பெயரைச் சென்னியப்பன் இரண்டு தடவை சொன்னார். அத்தோடு நிறுத்தினாரா? கல்யாணமே ஆகாத பையனுக்கு ஒரு பெண்டாட்டியையும் இரண்டு குழந்தைகளையும் கொடுத்துவிட்டார், பாவி மனுஷன். கடைசியில் கூட்டிப் பார்த்தால் எழுபது தலை கூடுதல்.

“ஏனுங்க, அந்த மருமவ களி திம்பாளா, சோறுதான் திம்பாளான்னு கேட்டுச் சொல்லுங்க” என்று சிரித்தாள் அவர் மனைவி மயிலாத்தாள். குமாஸ்தா இறங்கிப் போனதும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். “இல்லாததை இருக்குதுன்னு சொன்னா நமக்கே வெனையா வந்து முடியுமுங்க.”

“அடப் போ அம்மணி. நாலு பேர் வவுத்துக்குத்தானே சொன்னேன்.”

கடை தப்பியது. ஊர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது.

மூன்று வருஷம் கழித்து, வயசாளிகள் மட்டும் இருக்கிற மலை ஊர்களில் நர்ஸைக் குடிவைக்கிறார்கள் என்று சேதி வந்தது. தவிட்டுமலை பட்டியலிலேயே இல்லை. எழுபது இளவட்டம் இருக்கிற ஊருக்கு நர்ஸ் எதற்கு? நர்ஸ் மெர்சி இரண்டு மலை தாண்டி வேறோர் ஊருக்குப் போய்விட்டாள். அது அடிவாரத்து ஆஸ்பத்திரியைவிடத் தூரம். சென்னியப்பன் மனு எழுத உட்கார்ந்தார். உண்மையை எழுதினால் நர்ஸ் வருவாள், கடை போய்விடும். வெறும் காகிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு எழுந்தார்.

அந்த ஆடியில் ஒரு சாயங்காலம் மயிலாத்தாளுக்கு வாந்திபேதி கண்டது. கசாயத்துக்கும் நிற்கவில்லை. விடிவதற்குள் கண் உள்ளே போய்விட்டது. கயிற்றுக் கட்டிலில் மூங்கில் கட்டித் தூக்க வேண்டும். தூக்க நாலு பேர், மாற்றிக்கொள்ள நாலு பேர். அந்தக் காலத்தில் மூன்று மணி நேரத்தில் இறக்கிவிடுவார்கள். இப்போது தோள் கொடுக்க வந்தது குமாரசாமியும் காளிச்சாமியும் அவர் தம்பியும். நாலாவது தோள் சென்னியப்பனுடையது. முன்னால் தூக்கியதால் அவளைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

நூறு அடி நடப்பார்கள், இறக்கி வைப்பார்கள். காளிச்சாமி வழியோரத்தில் குந்தி மூச்சு வாங்கினார்.

“என்னையப் போட்டுட்டுப் போங்க. அண்ணனுக்கு மூச்சு வாங்குது” என்றாள் மயிலாத்தாள்.

“பேசாம வா ஆயா, உன்னைய உட்டுட்டா போவோம்?” என்று அதட்டினார் குமாரசாமி.

பாதி வழியில் தண்ணீர் கேட்டாள். கொடுத்தது தங்கவில்லை. அதற்கப்புறம் சென்னியப்பன்தான் பேசிக்கொண்டே வந்தார். “அதா, புளியமரம் வந்துருச்சு... ரோடு தெரியுது அம்மணி.” பதில் வரவில்லை. அசந்து தூங்குகிறாள் என்று எண்ணிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் கட்டிலை இறக்கும்போது பிற்பகல் மணி மூன்று. கை வைத்துப் பார்த்த டாக்டர் கத்தினார்: “உசுரு போயி ஒரு மணி நேரம் ஆச்சு. காலையில ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தியிருந்தா எந்திரிச்சு உக்காந்திருப்பாங்க. கணக்குல ஊர் நெறைய எளவட்டம் இருக்குதே, எறக்கறதுக்கு இத்தனை நேரமா?”

தோல் உரிந்த தோளைத் துண்டால் மூடிக்கொண்டு, சென்னியப்பன் அவள் கால்மாட்டில் உட்கார்ந்தார். அழுகை வரவில்லை. நாந்தான் கொன்னுபோட்டேன், நாந்தான் என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் பெருந்துறையிலிருந்து அன்புமணி ஓடி வந்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்து அலறினான். பிறகு அந்த ஆத்திரமெல்லாம் அப்பா மேல் திரும்பியது.

“முந்தாநேத்தே எறக்கியிருக்கலாமுல்லங்கப்பா! ஊருல தூக்கறதுக்கு ஒரு ஆளுகூடவா இல்லாமப் போச்சு?”

சென்னியப்பன் அவன் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

“சர்க்கார் கணக்குல நீ ஊட்டுலதான் இருக்கறே, கண்ணு” என்றார்.