குங்குமம் வைத்த ஆமை

அப்பா கொண்டுபோய் விட்ட ஆமை தண்ணீரைக் கண்டுபிடித்ததா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் மழையில் பின்கதவை ஏதோ பிறாண்டியது. திறந்தால், உள்ளங்கை அகலத்தில் ஓர் ஆமை. அந்தச் சேற்று வாடை என்னை எண்பதுகளின் அம்பத்தூருக்கு இழுத்துப்போனது. அன்றும் ஓர் ஆமை வாசற்படி ஏறி வந்தது. குடும்பத்துக்கு ஆகாது என்று பயந்த அம்மா, அதன் ஓட்டில் குங்குமம் வைத்து, "கோவிச்சுக்காம போயிடு தாயே" என்று கும்பிட்டாள். அப்பா அதைச் சாக்கில் போட்டு சைக்கிளில் ஏற்றினார்.

"இன்னா சார், ஆமைக்கு டபுள்ஸா?" என்று சிரித்தார் பக்கத்து வீட்டு லாரி டிரைவர். "ஏரில வுடப் போறியா? அதான் பாதி பிளாட்டாயிடுச்சே!"

மறுநாள் பள்ளிக்குப் போகும்போது, ஏரியை மூடக் கொட்டிய செம்மண்ணில் அது நடந்துகொண்டிருந்தது. ஓட்டில் குங்குமம் கரைந்து வழிந்திருந்தது. நின்று, மண்ணைப் பிறாண்டி, மறுபடி நடந்தது.

"திரும்பிப் பாக்காத, வா" என்று அம்மா கையைப் பிடித்து இழுத்தாள்.

அந்தச் செம்மண்மேல்தான் இப்போது எங்கள் வீடு இருக்கிறது.

வந்த ஆமையை அகலமான தொட்டியில் வைத்திருக்கிறேன். "நமக்கு எதுக்கும்மா இந்த வம்பு?" என்று எங்களோடு இருக்கும் அத்தை தினமும் கேட்கிறார். என் மகள் அதன் பக்கத்தைவிட்டு நகர்வதில்லை. மிச்சமிருக்கும் ஏரியில் சாக்கடை கலக்கிறது. எங்கே விட்டால் இது பிழைக்கும்? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.