ஆள் இருந்தால் எரியும் விளக்கு

அறைக்குள் நுழைந்ததும் அவர் முதலில் பார்ப்பது கூரையை. யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் எழுந்து வணக்கம் சொல்கிறார்கள் என்பதெல்லாம் பிறகுதான். கைப்பையிலிருந்து ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, அதன் பிடியால் மேலே உள்ள பலகையை இரண்டு தட்டு தட்டுவார். எட்டாவிட்டால் நாற்காலி மேல் ஏறிவிடுவார். "மூடிட்டாங்களா?" என்று பொதுவாகக் கேட்பார். பெரும்பாலும், அவர் வயர் இழுக்கும் முன்பே மூடியிருப்பார்கள்.

ஐம்பத்திரண்டு வயது. கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டதென்று டாக்டர் ஒரு பட்டை கொடுத்திருக்கிறார். அதைக் கட்டினால் அண்ணாந்து பார்க்க முடியாது என்பதால் அது பைக்குள்ளேயே கிடக்கிறது. அவர் கணவர் கணக்கு வாத்தியார். "கல்யாணத்தன்னிக்கே இவ மேல ஃபேனத்தான் பாத்துட்டிருந்தா. என்னப் பாக்க ரெண்டு நாளாச்சு" என்பார். இவர் சிரிக்க மாட்டார். "அந்த ஃபேன் ஆடிட்டிருந்துச்சு" என்பார்.

ஒரு பெரிய கட்டடத்தில் ஏசியை ஒருவர் போடுவார், விளக்கை ஒருவர், லிஃப்டை ஒருவர், தீ அணைக்கும் குழாயை இன்னொருவர். அத்தனையையும் ஒரே கம்ப்யூட்டரில் சேர்த்து, புகை வந்தால் லிஃப்ட் நிற்க, கதவு திறக்க, ஏசி அணைய வைப்பது இவர் வேலை. "எல்லாம் ஒரே வீட்டுக்குள்ளதான் இருக்கும். ஒண்ணோட ஒண்ணு பேசாது. மாமியார் மருமக பஞ்சாயத்து மாதிரி நடுவுல நான் உக்காரணும்" என்பார்.

ஆனால் பஞ்சாயத்துக்கு அவரைக் கூப்பிடுவது பெயின்ட் அடித்த பிறகு. சுவரும் கூரையும் மூடி, திறப்பு விழாவுக்குத் தேதியும் குறித்தாகிவிட்டால், "ஆமா, அந்த சிஸ்டம் மேடத்துக்குச் சொல்லியாச்சா?" என்று யாருக்காவது ஞாபகம் வரும். ஒப்பந்தக்காரர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் கடைசி மேடம். அது அவருக்குத் தெரியும். ஒரு கட்டடத்தில், வெப்பத்தை அளக்கும் சென்சார் சுவரில் அசிங்கமாக இருக்கிறதென்று ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்னால் மாற்றிவிட்டார்கள். மிஷின் சூட்டை அறையின் சூடு என்று நினைத்து ஏசி ஊதித் தள்ளியது. இவர் போனபோது இரண்டு பேர் சால்வை போர்த்திக்கொண்டு டைப் அடித்துக்கொண்டிருந்தார்கள். மானேஜர் சொன்னார்: "கம்ப்யூட்டர்ல ரொம்ப வெக்கைன்னுதான் மேடம் காட்டுது."

நான் மேடத்துக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பவன். பதினோரு வருடப் பழக்கம். "முதல் மீட்டிங்குக்கு ஒரு தடவ கூப்பிட்டாப் போதும் தம்பி, கட்டடம்னா எப்படி இருக்கணும்னு காட்டறேன்" என்று அவர் சொல்லி எத்தனை முறை கேட்டிருப்பேனோ தெரியாது.

ஒருமுறை கூப்பிட்டார்கள். ஒரு கம்பெனிக்கு எட்டு மாடி அலுவலகம். கட்டடக் கலைஞர் மெதுவாகப் பேசும் மனிதர். அஸ்திவாரம் தோண்டும் முன்பே ஆள் அனுப்பினார். புதுச் செருப்பு போட்டுக்கொண்டு போன மேடம், திரும்பி வந்து என் மேஜையில் உட்கார்ந்தார். "என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க தம்பி" என்றார்.

அந்தக் கட்டடத்துக்கு அவர் உழைத்த மாதிரி நான் யாரும் உழைத்துப் பார்த்ததில்லை. அந்தக் கம்பெனியின் பழைய அலுவலகத்துக்குப் போய், வேலை செய்பவர்களை ஒவ்வொருவராகப் பிடித்து, எது சிரமம் என்று கேட்டார். யாரும் கேட்காத துப்புரவுப் பெண்களிடமும் கேட்டார். அவர்கள் ஐந்து பேர். மூத்தவருக்கு முழங்கால் வீக்கம், தாங்கித் தாங்கி நடப்பவர்.

"எங்க ரூம்ல சுவிச்சத் தொடத்தாம்மா பயம். கை எப்பவும் ஈரம். ஒரு தடவ சுருக்குன்னு இழுத்துச்சு" என்றார் அந்த அம்மாள்.

"இனிமே தொடவே வேணாங்க்கா. நீங்க உள்ள வந்தா தானா எரியும்."

புதுக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், பம்ப் அறைக்குப் பக்கத்தில், அந்த ஐவரும் உடை மாற்றிக்கொள்ளவும் சற்று உட்காரவும் ஓர் அறை. அதன் கூரையில் ஒரு சென்சார். ஆள் வந்தால் விளக்கும் மின்விசிறியும் ஓடும், போனால் நிற்கும். குடிவந்த வாரம் அந்த அம்மாள் கதவைத் திறந்து திறந்து மூடினார். "மகாராணி வந்த மாதிரி எரியுதும்மா" என்றார். எட்டு மாடியையும் விட அந்த ஒரு வார்த்தைதான் தனக்குக் கிடைத்த சம்பளம் என்று மேடம் என்னிடம் சொன்னார்.

எல்லாம் சொன்னபடி வேலை செய்தது. எந்த அறை எப்போது நிறைந்திருக்கிறது, எப்போது காலி என்று நிமிடக் கணக்கோடு மாதம் ஒரு பட்டியல் வரும்படியும் அவரே செய்து கொடுத்தார். காலி அறைக்கு ஏசி எதற்கு என்பதற்காக.

எட்டாவது மாதம் வழக்கமான பரிசோதனைக்கு நாங்கள் போனபோது கீழ்த்தள அறையில் மூன்று பேர்தான் இருந்தார்கள். மூத்த அம்மாள் இல்லை. கேட்டதும் மூவரும் எழுந்து வெளியே போய்விட்டார்கள்.

அந்த அலுவலக மானேஜர் ஒளிக்கவில்லை. பட்டியலை எடுத்து மேஜையில் வைத்தார். கீழ்த்தள அறையின் வரிசையில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருந்தது. "இருபது நிமிஷம்தான் ரெஸ்ட் மேடம். இங்க பாருங்க, ரெண்டு பத்துல இருந்து ரெண்டு அம்பத்திரண்டு வரைக்கும் ஆள் இருக்கு. தெனமும். அவ்வளவு நேரம் உக்கார முடியுதுன்னா அஞ்சு பேர் எதுக்கு? ரெண்டு பேர நிறுத்திட்டோம்."

"அது ஆளக் கண்காணிக்க வச்சதில்ல சார். லைட்டு எரியறதுக்கு வச்சது."

"ஆள் இருந்தாத்தான மேடம் லைட்டு எரியுது."

மேடம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் தலைப்புக்கான எழுத்துருகூட அவர் தேர்ந்தெடுத்ததுதான்.

"உங்க சிஸ்டம் பிரமாதம். நாங்க எல்லாரிட்டயும் சொல்லிட்டிருக்கோம்" என்றார் மானேஜர். மனதாரத்தான் சொன்னார்.

மேடம் கட்டடக் கலைஞருக்குப் போன் செய்தார். கேட்கவே வேதனையாக இருக்கிறது, ஆனால் கட்டடத்தை ஒப்படைத்த பிறகு நாம் தலையிட முடியாதே என்றார் அவர், அதே மெதுவான குரலில்.

மறுநாள் காலை அந்த அம்மாளின் வீட்டுக்குப் போனோம். ஒற்றை அறை. முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துப் படுத்திருந்தவர் எங்களைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அந்த அம்மாள் கோபப்படவே இல்லை.

"நான் கேட்டேன், நீ வச்ச. உன்னச் சொல்லி என்னம்மா." சேலையை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டார். "ஆனா அது எங்களப் பாத்துட்டிருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல. நாங்க அங்கதான துணி மாத்தினோம்."

"அது கேமரா இல்லக்கா. ஆள் அசையறத மட்டும்தான்..."

"சரிம்மா."

அந்தச் சரியை நம்பிச் சொன்னாரா, பேச்சை முடிக்கச் சொன்னாரா என்று தெரியவில்லை. படியிறங்கும்போது மேடம், "கேக்கத் தெரிஞ்சுது எனக்கு. சொல்லத் தெரியல" என்றார்.

நேராக எட்டு மாடிக் கட்டடத்துக்குப் போகச் சொன்னார். கீழ்த்தளத்தில் ஏணியைப் போட்டு ஏறி, சென்சாரைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். மானேஜர் வாசலில் நின்று பார்த்தார். தடுக்கவில்லை. அடுத்த வாரம் பராமரிப்பு வேலையை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் அதே அறையில் இரண்டு சென்சார் வைத்தார்கள். மூன்று பெண்களும் இப்போது படிக்கட்டுக்கு அடியில், துடைப்பங்களுக்கு நடுவே உட்காருகிறார்கள். முழங்கால் அம்மாளுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை.

அந்தக் கட்டடத்தின் புகழால் மேடத்தை இப்போது எல்லா இடத்திலும் முதல் கூட்டத்துக்கே கூப்பிடுகிறார்கள். கடைசி மேடம் என்று யாரும் சொல்வதில்லை. போன வாரம் ஒரு புது அலுவலகத்துக்கான கூட்டம். நான் போட்ட வரைபடத்தை மேஜையில் விரித்து, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்திருந்தோம். எங்கெங்கே எத்தனை சென்சார் என்று ஒவ்வோர் அறையாகக் கேட்டார்கள். அவர் பென்சில் முனையால் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"கீழ, ஸ்டாஃப் ரெஸ்ட் ரூம்ல?" என்றார் ஒருவர்.

மேடம் பென்சிலைக் கீழே வைத்தார். இடது கையை விரித்து, உள்ளங்கை முழுவதும் படும்படி அந்தச் சின்ன அறையின் மேல் வைத்தார். கேட்டவர் காத்திருந்து பார்த்தார். மற்றவர்கள் பேச்சு மேல்மாடிக்குப் போய், காபி வந்து, யாரோ அடுத்த தாளைப் புரட்டக் கை நீட்டும்வரை அவர் கையை எடுக்கவில்லை.