கதவை யார் மூடுவது?

துணி துவைக்கும் இயந்திரங்களுக்குக் கையேடு எழுதுவதுதான் இருபத்திரண்டு வருடமாக அவளுடைய பிழைப்பு. "படிக்கிறவங்க கையில சோப்பு நுரை இருக்கும், மனசுல கோபம் இருக்கும். ரெண்டையும் நினைச்சு எழுதணும்" என்பாள். ஒரு வாக்கியம் எழுதுவதற்குள் ஒன்பது கேள்வி கேட்பதால் அலுவலகத்தில் அவளுக்கு 'ஏன் அக்கா' என்று பெயர்.

அவளுடைய தம்பிக்குப் பட்டப்பெயர் மூட்டைப்பூச்சி. புரோகிராமில் ஒளிந்திருக்கும் பிழைகளை நோண்டி எடுப்பதில் அவனுக்கு அப்படியொரு வெறி. அவனும், அவனுடைய தோழியான கணக்கு டீச்சரும், முகமே பார்த்திராத இருபது பேரும் சேர்ந்து சம்பளமில்லாமல் ஒரு மென்பொருள் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் திறந்து வைத்திருந்தார்கள். மலைபோன்ற கணக்கைக் கூறுபோட்டு அறுபது, எழுபது பங்காக்கி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்து முடிக்கும் மென்பொருள். எழுதியவர்களுக்குப் புரிந்தது. எடுத்துப்போனவர்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"அக்கா, நீ வந்து இதுக்கு விளக்கம் எழுதிக் குடேன்" என்று கெஞ்சினான் தம்பி.

"இதுல எனக்கு அ, ஆ கூடத் தெரியாதேடா."

"அதனாலதான் கூப்பிடறேன்."

அப்படித்தான் சனிக்கிழமை மதியங்களில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே தம்பியும் டீச்சரும் வேலை பார்த்த அறைக்கு அவள் போகத் தொடங்கினாள். மூன்று மேசை, ஒரு வெள்ளைப் பலகை, ஆட்டம் போடும் மின்விசிறி. அங்கே இருவர் முகத்திலும் ஒரே கவலை. ஆற்றில் வெள்ளம் வருமா என்று கணிக்கும் அலுவலகம் ஒன்று இவர்களுடைய மென்பொருளை நம்பியிருந்தது. அங்கே எப்போதாவது ஒருமுறை, காரணமே தெரியாமல், கணக்கு பாதியில் உறைந்துவிடும். அங்கிருந்த பொறியாளர் பதினொரு வாரமாகப் புகார் எழுதிக்கொண்டிருந்தார். மழைக்காலத்துக்கு மூன்று வாரம்தான் பாக்கி.

தம்பியின் கம்ப்யூட்டரில் அது ஒருதரம்கூட உறையவில்லை. எங்கே உறைகிறது என்று கண்டுபிடிக்க, வழியெல்லாம் தகவல் எழுதிக்காட்டும் வரிகளைச் சேர்த்துப் பொறியாளருக்கு அனுப்பினான். அவை இருந்தவரை புரோகிராம் சமர்த்தாக ஓடியது. எடுத்ததும் பழைய குருடி கதவைத் திறடி.

"நாம பார்த்தா ஒளிஞ்சுக்குது" என்று பல்லைக் கடித்தான்.

அந்தச் சனிக்கிழமை அவள் எழுத எடுத்தது, 'காத்திருத்தல்' என்ற அத்தியாயம். கணக்கைப் பங்கு பிரித்துக்கொண்ட குட்டிப் புரோகிராம்களை ஆட்களாகவே எழுதினாள்: அவர்கள் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஒரு கதவின் முன்னால் காத்திருப்பார்கள். கடைசி ஆள் வந்ததும் கதவு திறக்கும். எல்லாரும் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். இதுவரை எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினாள்.

"திறந்த கதவை யாருடா மூடறது?"

"அடுத்த சுற்றை முடிச்சிட்டு முதல்ல வர்றவன் மூடுவான்" என்றான் தம்பி, திரையைவிட்டுக் கண் எடுக்காமல்.

"சரி. அதுக்குள்ள முந்தின சுற்றுக்காரங்க எல்லாரும் வெளியே போயிருப்பாங்களா?"

"போயிருப்பாங்க."

"யார் பார்த்தா? ஒருத்தன் அசமந்தம். கதவு திறந்ததையே கவனிக்கலை. இன்னொருத்தன் சூட்டிகை. ஓடிப்போய் வேலையை முடிச்சிட்டு வந்து கதவைச் சாத்திட்டான். அப்ப அந்த அசமந்தம்?"

டீச்சர் மெல்ல எழுந்து பலகைக்குப் போனார். இரண்டு கோடு போட்டார். சுண்ணாம்பாக வெளுத்த முகத்தோடு திரும்பினார்.

"உள்ளேயே மாட்டிக்குவான். வெளியில இருக்கிறவங்க அவன் வருவான்னு காத்திருப்பாங்க. அவன் கதவு திறக்கும்னு காத்திருப்பான். எல்லாரும் சாகிற வரைக்கும் காத்திருப்பாங்க!"

"நாம எழுதிக்காட்டச் சொன்னதும் எல்லாரும் மெதுவாயிட்டாங்க. அதான் ஒளிஞ்சுது!" தம்பி துள்ளி எழுந்ததில் நாற்காலி கவிழ்ந்தது.

"ஒருத்தனை வேணும்னே தூங்க வெச்சுப் பாரேன்" என்றாள் அக்கா.

ஒரே ஒரு வரி சேர்த்தான். ஓட்டினான். முதல் முறையிலேயே புரோகிராம் கல்லாகச் சமைந்து நின்றது. மறுபடி ஓட்டினான். மறுபடி நின்றது. சொந்தப் புரோகிராம் படுத்துவிட்டதற்காக மூன்று பேர் கட்டிக்கொண்டு குதித்தார்கள். கீழேயிருந்து மருந்துக்கடைக்காரர் ஓடிவந்து, "என்ன, யாருக்காவது அடிபட்டுடுச்சா?" என்று கேட்டார்.

"அகப்பட்டுடுச்சு சார்!" என்று கத்தினான் தம்பி.

மருந்து சுலபமாக இருந்தது: இரண்டு கதவு. ஒரு சுற்றுக்கு ஒன்று, அடுத்த சுற்றுக்கு மற்றொன்று. இனி அவசரக்காரன் சாத்தும் கதவுக்குப் பின்னால் யாரும் சிக்க மாட்டார்கள். தூங்குமூஞ்சியை உள்ளே வைத்தே ஆயிரம் முறை ஓட்டினார்கள். ஒருமுறைகூட நிற்கவில்லை. அவள் அத்தியாயத்தைத் திருத்தி எழுதினாள். டீச்சர் பலகையில் போட்ட படத்தையும் சேர்த்தாள்.

திருத்திய மென்பொருளை வெளியிட்டபோது, அதன் குறிப்பில் பிழையைக் கண்டுபிடித்தவர் என்று தம்பி அக்காவின் பெயரைப் போட்டான்.

"நான் ஒரு வரிகூடப் புரோகிராம் எழுதலையேடா!"

"நாங்க பதினொரு வாரமா எழுதி என்ன கண்டோம்னுதான் பார்த்தீங்களே" என்றார் டீச்சர்.

மழைக்காலம் வந்தது. இரண்டாவது வாரம் அந்தப் பொறியாளரே அவளைப் போனில் கூப்பிட்டார். நான்கு நாளாகக் கணக்கு நிற்காமல் ஓடுகிறது என்றும், கரையோரத் தெருக்காரர்களுக்கு வெள்ளம் வருவதை ஒன்பது மணி நேரம் முன்னதாகவே சொல்லிவிட்டோம், எல்லாரும் பத்திரம் என்றும் சொன்னார். "அந்தக் காத்திருத்தல் அத்தியாயம் எழுதினவங்க நீங்கதானேம்மா? எங்க ஆபீஸ்ல எல்லாரும் படிச்சாங்க. எனக்கே இப்பதான் புரிஞ்சுது."

போனை வைத்ததும் அவள் கணவரைக் கூப்பிட்டு, மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.