எண்ணெய்த் தலையோடு குற்றாலம் வேதக்கோயிலுக்கு

சாரல் முடிவதற்குள் எஸ்தரின் வேதக்கோயிலை, அந்தக் கிறிஸ்தவக் கோயிலைப் பார்த்துவிட வேண்டும் என்று நம் வகுப்பில் மூன்று பேர் என்னிடம் வழி கேட்டிருக்கிறீர்கள். போய் வந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் நடந்ததையெல்லாம் இந்த நோட்டில் எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு எழுதுவதால் எழுத்து கோணலாகத்தான் இருக்கும். படித்துவிட்டுக் கடைசியாக எஸ்தரிடம் கொடுங்கள். அவள் தன் வீட்டு அடுப்பில் போட்டுவிடுவாள்.

நான் போனது ஆடி மாதம் இரண்டாவது ஞாயிறு. அன்று எஸ்தர் முதல்முறையாகச் சபை முன்னால் தனியாகப் பாட இருந்தாள். நம் வயதுப் பெண் ஒருத்தி பாட, பெரியவர்கள் பேசாமல் உட்கார்ந்து கேட்பார்களாம். அதைப் பார்க்க ஆசைப்பட்டேன். எஸ்தர் சபையில் பாடப்போகிறாள் என்று அம்மாவிடம் முன்பே ஒருநாள் வாய்தவறிச் சொல்லியிருந்தேன். வீட்டிலோ, எஸ்தரோடு அருவியில் குளிக்கப் போகிறேன் என்றுதான் சொன்னேன். அப்பா சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு.

"குளிச்சிட்டு நேரா வரணும். வேதக்கோயில் வாசல்ல கால் வச்சேன்னு என் காதுல விழுந்துச்சு, அன்னையோட உன் பள்ளிக்கூடம் முடிஞ்சுது."

அருவிக் குளியல் என்பதால் அம்மா உச்சியில் எண்ணெய் வைத்துத் தேய்த்துவிட்டாள். காலை ஏழு மணிக்குச் சுடலை அண்ணாச்சியின் மாட்டு வண்டியில் ஏறினேன். தென்காசியிலிருந்து மூன்றரை மைல். போக வர நாலணா. சாரல் முகத்தில் அடித்தது. நான் வழியெல்லாம் அருவியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன். அண்ணாச்சி வாரம் தவறாமல் அப்பாவைப் பார்க்கிறவர்.

எட்டேகாலுக்குப் பாலத்தருகே இறக்கிவிட்டு, "பதினொன்றரைக்கு இங்கனயே நில்லு. அருவியப் பாத்ததும் ஊரை மறந்துராத" என்றார். அங்கிருந்து கோயிலுக்குப் பத்து நிமிட நடை.

எஸ்தரின் அப்பாதான் அங்கே உபதேசியார். ஞாயிறு ஆராதனையை அவர்தான் நடத்துகிறார். கோயிலைக் கண்டதும் பழக்கத்தில் வலமாகச் சுற்றக் கிளம்பிவிட்டேன். எஸ்தர் ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"ஏட்டி, எங்க போவுத? வாசல் இங்கன இருக்கு!"

உள்ளே பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம் பாயில் இருந்தார்கள். வாரிப் பின்னிய தலைகளுக்கு நடுவே என் தலையில்தான் எண்ணெய் வழிந்தது. மரியாதை என்று என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். எல்லோரும் எழுந்தபோது நான் உட்கார்ந்திருந்தேன். நான் எழுந்தபோது எல்லோரும் முழங்காலில் நின்றார்கள்.

எஸ்தர் பாடினாள். முதல் அடியில் குரல் நடுங்கியது, பிறகு நடுங்கவில்லை. ஒரு தாத்தா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அந்தக் கொஞ்ச நேரம் நான் அப்பாவை மறந்திருந்தேன்.

பாட்டு முடிந்ததும் உபதேசியார் முகமெல்லாம் சிரிப்பாக என்னைப் பார்த்தார். "புதுசா வந்த பிள்ள எந்திரிச்சு, பேரு, ஊரு, இன்னார் மகள்னு சொல்லட்டும். சபை சேர்ந்து வரவேற்கும்."

எழுந்தேன். நான் அப்பா பெயரைச் சொன்னால் அது எனக்கு முன்னால் தென்காசி போய்ச் சேர்ந்துவிடும். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பின்னாலிருந்து எஸ்தரின் அம்மா குரல் வந்தது:

"அவ எங்க வீட்டுக்கு வந்த பிள்ள. அது போதும். நீ உக்காரு பிள்ளே."

ஆராதனை முடியவே பதினொன்று அடித்துவிட்டது. கோயிலை ஒட்டிய எஸ்தர் வீட்டுப் பின்கட்டில் உபதேசியார் எஸ்தரின் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: "வந்தவங்கள மதிக்கணும்னுதாம்ட்டி கேட்டேன்."

"மதிக்கது சரி. அவ அப்பா பேரு நமக்கு எதுக்கு? அந்தப் பிள்ள வீட்டுக்குத் தெரியாம வந்திருக்கு, தெரியலையா?"

அவர் என் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். பெரியவர் என்னைக் கும்பிட்டது எனக்குக் கூச்சமாக இருந்தது.

அப்போதுதான் என் தலை நினைவுக்கு வந்தது. குற்றாலம் போனவள் நனையாத தலையோடு வண்டியேற முடியுமா? அருவிக்குப் போய்வர நேரம் இல்லை. எஸ்தரின் அம்மா கிணற்றிலிருந்து ஒரு வாளி இறைத்து, செம்பில் மொண்டு என் தலைக்கு மேல் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே நின்றது. செம்பை இறக்கி என் கையில் கொடுத்தாள்.

"நான் ஊத்த மாட்டேன். ஞானஸ்நானம் குடுத்துட்டாங்கன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லுவான். நீயே ஊத்திக்க."

நானே ஊற்றிக்கொண்டேன். அன்று அங்கே எனக்குக் கிடைத்த வரவேற்பு எது என்று கேட்டால், முன்வரிசைப் பாயைச் சொல்ல மாட்டேன், அந்தச் செம்பைத்தான் சொல்வேன்.

வண்டியில் அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். "தண்ணி நல்லா விழுதோ?"

"விழுது அண்ணாச்சி."

வீட்டில் அம்மா துண்டால் தலையைத் துவட்டினாள். துவட்டியவள் எண்ணெய் ஒட்டிய துண்டை முகர்ந்து பார்த்தாள். அருவியில் நின்றால் எண்ணெய் தங்காது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. முன்கட்டிலிருந்து அப்பா, "குளிச்சிட்டு வந்துட்டாளா?" என்று கேட்டார்.

"வந்துட்டா. தலை சொட்டுது," என்றாள் அம்மா. துண்டை வாளித் தண்ணீரில் அமுக்கினாள். பிறகு என் காதருகே, "அந்தப் பிள்ள நல்லாப் பாடுச்சா?" என்றாள்.

தலையை மட்டும் ஆட்டினேன்.

போகிறவர்களுக்கு: எட்டரைக்குள் போய்விடுங்கள், தூணுக்குப் பின்னால் பாய் கிடைக்கும். பக்கத்தில் இருப்பவள் செய்வதைச் செய்தால் போதும். எஸ்தர், உன் அப்பாவிடம் இதைச் சொல்: எப்போது எழ வேண்டும் என்று காதில் சொல்ல ஓர் ஆள் போதும், பெயரை நாங்களே ஒருநாள் சொல்வோம். மற்ற மூன்று பேரும் மறக்காமல் ஒரு பொட்டலம் சீயக்காய் கொண்டுபோங்கள். எல்லார் வீட்டிலும் என் அம்மா இருக்க மாட்டாள்.