காலி என்று சொன்ன பென் டிரைவ்

சொந்தக்காரர்களில் யார் வீட்டுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தாலும், பெட்டியைப் பிரிக்கும் முன்னால் சித்திக்குப் போன் போகும். அக்கா பிள்ளைகள் சித்தி, சித்தி என்று கூப்பிட்டு, கடைசியில் அவளைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அவள் சித்தியாகிவிட்டாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "நேரம் கிடைக்கல" என்பாள். அதில் பொய்யும் இல்லை. கம்ப்யூட்டர் கடை ஒன்றில் பில் போடச் சேர்ந்தவள், பின்பக்கத்து ரிப்பேர் அறையை எட்டிப் பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச காலத்தில் பில் போட வேறு ஆள் வந்தது. சித்தி ஸ்க்ரூ டிரைவரோடு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்கு ஒரே ஒரு வேதம்தான். மிஷின் நன்றாக இருக்கும்போதே அதன் சிஸ்டத்தை நகல் எடுத்து வைத்துவிட வேண்டும். என்றைக்காவது அது கண் திறக்க மாட்டேன் என்று அடம் பிடித்தால், அந்த நகலைச் செருகி, வாங்கிய அன்று இருந்த மாதிரி எழுப்பிவிடலாம். ரெக்கவரி டிரைவ் என்று அதற்குப் பெயர். அதெல்லாம் இப்போது எதற்கு என்று யாராவது இழுத்தால், "வெள்ளம் வந்தப்புறம் அணை கட்டுவீங்களா?" என்று கேட்டே வாயை அடைத்துவிடுவாள்.

அது ஒரு காலம். ஆரம்பத்தில் பென் டிரைவ் ஏது? சிடிதான். ஒன்று முடிந்ததும் அடுத்ததைக் கேட்கும். கடைசி சிடி வரைக்கும் சமர்த்தாக வந்துவிட்டு, அங்கே எழுத முடியவில்லை என்று கையை விரிக்கும். மறுபடி முதலிலிருந்து. கம்ப்யூட்டர் வாங்கின வீட்டில் அன்று யாருக்கும் வேறு வேலை ஓடாது. இருக்கிற நாற்காலிகளிலேயே ஆடாத நாற்காலி சித்திக்கு. குட்டிகள் அவள் தோளைப் பிடித்துத் தொங்கும். டீ வரும், ஆறும், திரும்பச் சூடாகி வரும். திரையில் ஒரு பச்சைக் கோடு நகர்வதை ஒரு குடும்பமே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது என்று இன்றைக்குச் சொன்னால் யார் நம்புவார்கள்? சித்திக்கு அந்த மத்தியானங்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைந்துவிடும். வாடகை அறையில் தனியாக இருந்தவளுக்கு அன்றைக்கெல்லாம் எல்லா வீடும் தன் வீடாக இருந்தது.

பென் டிரைவ் வந்த பிறகு வேலை சுலபமானது. ஆனால் எடுத்ததை வீட்டுக்காரர்கள் கையில் கொடுக்க மாட்டாள். கொடுத்தால் மறுநாளே அதில் பாட்டு ஏற்றிவிடுவார்கள். எல்லாவற்றையும் தன் அறையில் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தாள். ஒன்றோடொன்று மாறிப் போகாமல் இருக்க ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தில் துணி நாடா.

பிறகு ஆளாளுக்குக் கையில் போன் வந்தது. கம்ப்யூட்டர் மூலைக்குப் போனது. சித்தியைக் கூப்பிடுவதும் குறைந்தது. அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். அவளால் பொறுக்க முடியாமல் போனது அக்கா பேசாமல் இருந்ததுதான்.

நடந்தது இது. அக்கா வீட்டுக்குப் புது மிஷின் வந்த அன்று, சித்தி கொண்டுபோன பென் டிரைவில் இடம் போதவில்லை. அக்கா அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இதுல ஒண்ணும் இல்லையே?"

"காலிதான், போடு."

ரெக்கவரி டிரைவ் எடுக்கும்போது அந்தப் பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் துடைத்துப் போய்விடும். திரையே அதைச் சொல்லி எச்சரிக்கும். சித்தி சரி என்று தட்டினாள். சாயங்காலம் அலமாரியைத் துழாவியபோதுதான் பென் டிரைவை மாற்றிக் கொடுத்துவிட்டோம் என்று அக்காவுக்குத் தெரிந்தது. அப்பாவோடு குடும்பமே கடற்கரைக்குப் போன படங்கள் அதில்தான் இருந்தன. அந்தப் பயணத்துக்குப் பிறகு அப்பா படுத்தவர், எழுந்திருக்கவில்லை.

"நீதானே காலின்னு சொன்ன?" என்றாள் சித்தி.

"எனக்கு என்ன தெரியும்? தெரிஞ்சவ நீ. ஒரு தடவை திறந்து பாத்திருந்தா கை தேஞ்சா போயிருக்கும்?" என்றாள் அக்கா.

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வம்பே அதுதான். ஒருத்தி மேல் மட்டும் தப்பு இருந்திருந்தால் மன்னிப்பு கேட்டு அன்றைக்கே முடிந்திருக்கும்.

அதிலிருந்து பேச்சு நின்றுபோனது. விசேஷ வீடுகளில் ஒரே வரிசையில் உட்கார்வார்கள், நடுவில் அக்கா வீட்டுக்காரர். சித்திக்கு அத்தான். "அவளுக்குத் தண்ணி வேணுமான்னு கேளுங்க" என்பாள் அக்கா. "வேணாம்னு சொல்லுங்க" என்பாள் சித்தி. இரண்டு காதிலும் ஏற்கெனவே விழுந்ததை மனிதர் மறுபடி ஒப்பிக்க வேண்டும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

அந்த அத்தான்தான் போன மாதம் போன் செய்தார். "சித்தி, மிஷின் கண்ணைத் திறக்க மாட்டேங்குது. வந்து பாரேன்மா."

"அவ கூப்பிடச் சொன்னாளா?"

அத்தான் மென்று முழுங்கினார். "சொல்லல. ஆனா நான் போனை எடுக்கிறப்போ வேணாம்னும் சொல்லல."

சித்திக்கு அது போதும். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது சும்மாவா? டின்னைத் திறந்து அக்கா வீட்டுப் பென் டிரைவை எடுத்தாள். படங்களை விழுங்கிய அதே பென் டிரைவ். வேறு வழியில்லை, அந்த மிஷினை எழுப்ப அதுதான் இருந்தது.

அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. தலையில் பாதிக்குமேல் நரைத்திருந்தது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்கச் சித்திக்கு நாக்கு நுனிவரை வந்தது. அத்தான் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அத்தான், இதைப் போட்டா மிஷின்ல இருக்கிறது எல்லாம் போயிடும். வேணுங்கிறது ஏதாவது இருக்கான்னு கேளுங்க."

"ஒண்ணும் இல்லன்னு சொல்லுங்க."

"இந்தப் பேச்சை நம்பி நான் பட்டது போதும்" என்று அத்தானிடம் சொல்லிவிட்டு, சித்தி மிஷினைப் பிரித்து, டிஸ்கைக் கழற்றி, தன் லேப்டாப்பில் மாட்டி, உள்ளே இருந்ததை ஒன்று விடாமல் எடுத்து வைத்தாள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு யார் வீட்டிலும் அவள் இப்படித்தான். அக்காவின் கை கொஞ்ச நேரம் துணி மடிப்பதை நிறுத்தியது.

பிறகு பென் டிரைவைச் செருகினாள். சிஸ்டம் ஏற ஆரம்பித்தது. அந்த வேலையில் ஒரு கஷ்டம், பாதியில் கை வைக்கக் கூடாது, விட்டுவிட்டுப் போகவும் முடியாது. திரையில் சதவீதம் நத்தையாக ஊர்ந்தது. அத்தான் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். அக்கா டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். ஆறியதும் சொல்லாமலே எடுத்துப் போய்ச் சூடாக்கி வைத்தாள். சித்தி இந்தத் தடவை ஆறவிடாமல் குடித்தாள்.

ஒருவழியாக மிஷின் புதுசு போலக் கண் திறந்தது. சித்தி அத்தானை எழுப்பினாள். "இந்தப் பென் டிரைவ் பழசாயிடுச்சு, இன்னொரு தடவை தாங்காது. கடையில புதுசா ஒண்ணு வாங்கிட்டு வாங்க, வேற எடுத்துடுறேன்."

அத்தான் செருப்பை மாட்டுவதற்குள் அக்கா எழுந்தாள். அலமாரியில் துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தாள். அத்தானிடம் கொடுக்கவில்லை. நேராக வந்து சித்தியின் கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"காலிதான், போடு."

இத்தனை வருஷத்துக்குப் பிறகு அக்கா அவளிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு இது. குத்திக் காட்டுகிறாள் என்று சித்திக்குச் சுருக்கென்றது. பென் டிரைவைச் செருகி, உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்தாள்.

திரையில், கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக்கொண்டு அப்பா அலையில் நின்றிருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் அக்காவும் அவளும், செருப்பைக் கையில் பிடித்தபடி.

"நம்ம தம்பி பொண்டாட்டியோட பழைய போன்ல அன்னைக்கு எடுத்த படமெல்லாம் இருந்துதாம்" என்றாள் அக்கா. "எடுத்துக் கொடுத்தா."

"எப்போ?"

"நம்ம சண்டைக்கு அடுத்த வருஷமே."

"அப்போ இத்தனை வருஷம்?"

"எப்படிச் சொல்றது? கிடைச்சிடுச்சுன்னு சொன்னா, அப்புறம் ஏன் பேசலன்னு கேப்ப. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. நாள் ஆக ஆக இன்னும் இல்லாமப் போச்சு."

சித்தி மௌஸிலிருந்து கையை எடுத்தாள். "இது வேற எங்க இருக்கு?"

"எங்கயும் இல்ல. அந்தப் போனும் போச்சு."

"நான் பாக்காம தட்டியிருந்தா?"

"நீ பாப்பேன்னு தெரியும்."

"உனக்கு மூளை இருக்கா? ஒரே ஒரு நகலை வெச்சுக்கிட்டு விளையாடுறியா? அப்பா என்ன கடையில கிடைக்கிற சாமானா? சொல்லு, உன்னைத்தான் கேக்கிறேன்." சித்தி விடாமல் திட்டினாள். பேசாமல் போன வருஷங்களுக்கும் சேர்த்துத் திட்டினாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். ஒற்றைச் செருப்போடு வாசலில் நின்ற அத்தான், யாருக்கு எதைச் சொல்வது என்று தெரியாமல் விழித்தார்.

சித்தி படங்களைத் தன் லேப்டாப்பில் நகல் எடுத்தாள். இன்னொரு டிஸ்கிலும் எடுத்தாள். எல்லாம் சரியாகத் திறக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அதற்கு அப்புறம்தான் அழுதாள்.